பழைய லேண்ட் குரூஸர் 80-இல் கேரவன் இழுக்க முதலில் எதைச் செய்வது?

ஆஸ்திரேலியாவில் 80 சீரிஸ் டொயோட்டா லேண்ட் குரூஸர், டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி சக்தியைக் கூட்டும் கருவி) இல்லாத 4.2 லிட்டர் டீசல், பின்னால் இழுத்துச் செல்லும் 2 டன் கேரவன் வீட்டு வண்டி. டர்போ மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் கூலிங்கைப் பாருங்கள். இந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் நிதானமாக ஓட்டினால் நன்றாக உழைக்கும். நீண்ட ஏற்றத்தில் பாரத்தோடு முழுசாக மிதித்தால் சூடுதான் அதற்கு எமன்.

ரேடியேட்டர் வெளியே பளிச்சென்று இருந்தாலும் நம்ப வேண்டாம். கழற்றிப் பார்த்தால் நடுவில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கும், குழாய்களுக்குள் உப்புப் படிந்திருக்கும். அப்புறம் ஃபேன் கிளட்ச், அதாவது சூடேறும்போது ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினோடு இறுக்கிச் சுழற்றும் பாகம்: சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். தடையே இல்லாமல் சுழன்றால் மாற்ற வேண்டியதுதான். டைமிங் பெல்ட்டை (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கேரவன் எடையில் சுமார் 10 சதவீதம், அதாவது 200 கிலோ, காரின் பின்னால் கேரவனை மாட்டும் கொக்கியின் மேல் உட்காரும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். பின் காயில் ஸ்பிரிங்கைக் கனமானதாக மாற்றுங்கள். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படி கட்டாயம். கேரவனில் எலெக்ட்ரிக் பிரேக் என்றால், அதை இயக்கும் கன்ட்ரோலர் காருக்குள் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டர்போ இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டும் புகைப்போக்கி வெப்பமானியோடு.