கேள்வி-பதில்: 13,400 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கே: சென்னை – டொராண்டோ 13,400 கி.மீ. என்று இணையத்தில் பார்த்தேன். மணிக்கு 900 கி.மீ. வைத்தால் 15 மணி நேரம். ஏஜென்ட் 23 மணி நேரம் என்கிறார். ஏமாற்றுகிறாரா? (மதுரை வாசகர்)

ப: இல்லை. அதிசயமாக இந்த முறை ஏஜென்ட் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்த்தது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வடக்கே போய் இறங்கும். துபாய் வழியாகப் போனால் 2,900-உம் 11,100-உம் சேர்ந்து 14,000 கி.மீ. கூடுவது 600 கி.மீ.தான், முக்கால் மணி நேரம். போகும்போது எதிர்க்காற்று வேறு. வரும்போது அதே காற்று தள்ளிவிடுவதால் சீக்கிரம் வந்துவிடலாம். மற்றபடி, நீங்கள் கேட்கும் மிச்ச நேரமெல்லாம் துபாய் நாற்காலியில் கழிவது. ஆகவே கிலோமீட்டரை விடுங்கள், காத்திருப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொன்று. 'டைரக்ட் ஃப்ளைட் சார்' என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுவில் ஓர் ஊரில் இறக்கி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தாலும், விமான எண் மாறாவிட்டால் அதுவும் 'டைரக்ட்'தான். நீங்கள் கேட்க வேண்டியது 'நான்-ஸ்டாப்'. கேட்டுவிட்டு, டிக்கெட்டிலும் பாருங்கள்.

கே: டொராண்டோவில் கிளம்பும் நேரத்தையும் சென்னையில் இறங்கும் நேரத்தையும் கழித்தால் 32 மணி நேரம் வருகிறதே? (திருச்சி)

ப: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். டொராண்டோ நமக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. அதை 32-இலிருந்து கழித்தால் வருவதுதான் பயண நேரம்.

கே: கோலாலம்பூர் வரை ஒரு டிக்கெட், மெல்போர்னுக்கு வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட். நடுவே ஒன்றேகால் மணி நேரம். முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. பணம் வருமா? (கோவை)

ப: வராது. ஒன்றேகால் மணி நேரத்தில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய நினைத்தீர்களா? கோயம்பேட்டில் பஸ் மாறவே அது பத்தாது. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் தாமதம் சம்பந்தமில்லாத கதை. ரொம்பத் திட்டவும் முடியவில்லை. 7,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 31,000 கொடுத்துப் புது டிக்கெட் எடுத்தவன் நான். அதுவும் மூன்று மணி நேரம் விட்டிருந்தேன்.

கே: மகனைப் பார்க்க லண்டன் போக ஏஜென்ட்டிடம் 62,000 கட்டினேன். ஆறெழுத்து பிஎன்ஆர் (முன்பதிவு எண்) கொடுத்தார். விமான நிலையத்தில் டிக்கெட்டே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (தஞ்சாவூர் அம்மா)

ப: அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. பணம் கட்டாமல் இடம் மட்டும் பிடித்து வைத்தாலும் பிஎன்ஆர் வந்துவிடும். ஆள் அதைக் காட்டியே ஏமாற்றியிருக்கிறான். பணம் கட்டிய டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் இருக்கும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், மகனையும் விமான நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.

கே: நீண்ட பயணத்துக்குக் கழுத்துத் தலையணை வாங்கலாமா? (சேலம்)

ப: 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஏறிய இரண்டாவது மணி நேரத்தில் காற்று போய்விட்டது. துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.