சத்தம் போதவில்லை என்கிறார் வாடிக்கையாளர்

கேள்வி: வீட்டிலேயே சிறிய ஸ்டுடியோ அமைத்து மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் பாடலின் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் வேலை) செய்து வருகிறேன். ‘வெளியான பாடல்களைப் போல இதில் சத்தம் இல்லையே’ என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள். ஒலியின் உச்சங்களை அடக்கி மொத்தச் சத்தத்தை உயர்த்த உதவும் லிமிட்டரை மேலும் அழுத்திக் கொடுக்கலாமா?

பதில்: வாடிக்கையாளர் எதனோடு ஒப்பிட்டுக் கேட்டார் என்பதை முதலில் விசாரியுங்கள். ஸ்பாட்டிஃபை, இயல்பான அமைப்பில், எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவுகோல்; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) அளவுக்குச் சமப்படுத்தியே ஒலிக்கிறது. அதைவிடச் சத்தமானவற்றை யூடியூபும் தணித்துவிடுகிறது. ஆகவே, −8 அளவில் நீங்கள் கொடுக்கும் பாடல் கேட்பவரை அடையும்போது சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். லிமிட்டர் நசுக்கிய ஸ்நேர் டிரம்மின் அடி மட்டும் பழைய கூர்மையோடு திரும்பி வராது.

இதை வாயால் விளக்குவதைவிடக் காதால் உணர்த்துவதே மேல். மிதமாகவும் உரக்கவும் இரு மாஸ்டர்கள் (இறுதி ஒலி வடிவங்கள்) செய்து, இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று சொல்லாமல், பல்லவியில் டிரம் நுழையும் இடத்தை மாற்றி மாற்றிக் கேட்கச் செய்யுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது நன்றாக இருப்பதாகவே செவிக்குத் தோன்றும் என்பதால், அளவைச் சமன் செய்யாத ஒப்பீடு பயன்படாது.

அதற்காக −14-ஐ வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். மெட்டல், நடன இசை போன்றவற்றுக்கு அடர்த்தியே அழகு. அவை அதைத் தாண்டுவது தவறன்று. ஒலி ஒரு கணத்தில் எட்டும் உச்ச அளவு மட்டும் −1 டெசிபலுக்கு மேல் போகாதிருக்கட்டும்.

இனி, வேலை தொடங்குமுன்பே ஒப்பிடுவதற்கான மாதிரிப் பாடலொன்றையும், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுக் கேட்ட பிறகும் அவர் உரத்ததையே விரும்பினால், மனக்கசப்பின்றிக் கொடுத்துவிடுங்கள், பாடல் அவருடையது.