மிரட்டல் மெயில்: எல்லையின் எந்தப் பக்கம் புகார் கொடுப்பது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் எல்லையோரக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். தினமும் பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் போய் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்குப் பார்த்து, பேச்சிலேயே நின்றுபோன வரன் ஒருவர் நான்கு மாதமாகப் பெயரில்லாத கணக்குகளிலிருந்து மெயில் அனுப்புகிறார். "இனி எழுத வேண்டாம்" என்று ஒருமுறை பதில் எழுதினேன். அதன் பிறகு, நான் எத்தனை மணிப் பஸ்ஸில் ஏறினேன், என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்று எழுதத் தொடங்கினார். கடைசி மெயிலில் என் தம்பியை உயிரோடு விடப்போவதில்லை என்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கக் காவல் நிலையத்தில் "ஆள் தமிழ்நாடு, அங்கே போங்கள்" என்றும், அந்தப் பக்கம் "மெயில் கேரளத்தில் அல்லவா வந்தது" என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் புகார் கொடு என்கிறார் ஒரு உறவினர். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டு நிலையங்களும் உங்களுக்குச் சொன்ன காரணம் சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்ய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். உங்கள் விஷயத்தில் அதுகூடத் தேவைப்படாது. செயல் நடந்த இடம், அதன் விளைவு ஏற்பட்ட இடம் ஆகிய இரண்டுக்கும் அதிகார வரம்பு உண்டு என்று 199-ஆம் பிரிவு சொல்வதால், மெயிலைப் படித்து நீங்கள் அஞ்சிய உங்கள் ஊரின் நிலையத்திலேயே புகார் கொடுங்கள். புகாரைத் தமிழிலேயே எழுதலாம் என்றாலும், மலையாள மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு தேங்காது.

எந்தப் பிரிவு என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். உறவினர் சொன்ன 66ஏ உயிரோடு இல்லை. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் போயிற்று. கொலை மிரட்டலுக்கு, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(3) பிரிவில் ஏழு ஆண்டு வரையும், பெயரை மறைத்து மிரட்டினால் 351(4) பிரிவில் கூடுதலாக இரண்டு ஆண்டு வரையும் தண்டனை உண்டு. ஆனால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணையில் இவை பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றங்கள். புகாரில் இவற்றை மட்டும் எழுதினால், "நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) போங்கள்" என்று நிலைய அதிகாரி கையை விரித்துவிட முடியும். எனவே, நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவை, அதாவது பெண்ணைப் பின்தொடர்தலை, முன்னால் வையுங்கள். அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது. முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வழக்கில் இத்தகைய குற்றம் ஒன்று இருந்தால், மற்றவற்றையும் அதே வகையாகவே கருத வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174(4). பஸ் நேரமும் சேலை நிறமும் அவர் உங்களைப் பின்தொடர்ந்ததைக் காட்டுகின்றன. "இனி எழுத வேண்டாம்" என்ற உங்கள் பதில், உங்களுக்கு விருப்பமில்லை என்பதை அவர் அறிந்தே எழுதினார் என்பதைக் காட்டுகிறது. அந்த ஒற்றை வரிப் பதில்தான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. இந்தப் பிரிவில் உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும்.

இனி பதில் எழுத வேண்டாம். தம்பியும் கோபத்தில் ஏதாவது எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்குத் தம்பி ஒரு வசவு எழுதினாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மட்டுமே பிடித்துக்கொள்வார். மெயில் எதையும் அழிக்காதீர்கள். அதை வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்து அந்தப் பிரதியைக் காட்டுவதிலும் பயனில்லை, ஏனென்றால் அது வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவல் ஃபார்வர்டில் தங்காது. ஜிமெயிலாக இருந்தால் கணினியில் மெயிலைத் திறந்து, வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதில் சென்று, அந்தக் கோப்பை அப்படியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அனுப்பியவரின் ஐ.பி. முகவரி, அதாவது அவருடைய இணைய இணைப்பின் எண், அதில் தெரியாமல் இருக்கலாம். அதை மெயில் சேவை நிறுவனத்திடமிருந்து பெறுவது காவல்துறையின் வேலை. ஆனால், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கத்தான் சொல்கிறது. உங்கள் முதல் மெயில் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டதால், தள்ளிப்போட நேரமில்லை. நீதிமன்றத்தில் மெயிலின் அச்சுப் பிரதியைக் காட்ட, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத மின்னணுப் பிரதி சாட்சியமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் பழைய சட்டத்தின் கீழ் சொன்னது ஒரு கேரளத் தேர்தல் வழக்கில்தான்.

மறுபடியும் பதிவு செய்ய மறுத்தால், புகாரின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பலனில்லையென்றால், பிரமாண வாக்குமூலத்துடன் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கவும் வழி உண்டு என்றாலும், கொலை மிரட்டல் வந்த நிலையில் அதை முதலில் தொட மாட்டேன். வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. பாலக்காட்டில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில், பதிவிறக்கிய கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் விண்ணப்பியுங்கள்.