யுபிவிசி துருப்பிடிக்காது, சரி. அதன் திருகு?

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் வீடு. அலுமினிய ஜன்னல்களில் வெள்ளைப் பொடி பூத்து, சக்கரங்கள் இறுகிவிட்டன. எல்லாவற்றையும் யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினால் துருத் தொல்லையே இருக்காது என்கிறார் ஒப்பந்தக்காரர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காதுதான். ஆனால் சட்டத்துக்குள் வலுவுக்காக இரும்புப் பட்டை செருகியிருக்கும். கீல், கைப்பிடி, பூட்டு எல்லாம் திருகில்தான் நிற்கின்றன. உப்புக்காற்று முதலில் அரிப்பது இவற்றைத்தான். சட்டம் புதுசு போலவே இருக்கும். கீல் விட்டுப்போய்க் கதவு கையோடு வரும்.

ஆகவே கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். ‘எஸ்எஸ் ஹார்டுவேர்’ (எஸ்எஸ் என்றால் துருவேறா எஃகு) என்று மொட்டையாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 202 கிரேடும் எஸ்எஸ்தான், 304-ம் எஸ்எஸ்தான். உங்களுக்கு வேண்டியது 316. அதில் கலக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்ற உலோகம்தான் உப்புக்கு ஈடுகொடுக்கிறது. கிரேடு எண் எழுத்தில் வரட்டும்.

காந்தத்தை வைத்து, “ஒட்டல பாருங்க, அசல் 316” என்று காட்டுவார்கள். வேடிக்கைதான். 304-ம் சரி, மட்டமான 202-ம் சரி, பெரும்பாலும் ஒட்டாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: சூடாக்காமல் அழுத்தி உருவாக்கிய நல்ல 316 திருகும் சில சமயம் லேசாக ஒட்டும். அதற்காக நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ‘டக்’கென்று இழுத்துப் பிடித்தால்தான் சந்தேகம். மாலிப்டினம் சோதனைத் திரவம் கிடைக்கிறது. பெட்டிக்கு ஒரு திருகில் ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறி மாலிப்டினம் இருப்பதைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

அலுமினியமே போதும் என்றால், பவுடர் கோட்டிங் (பொடி தூவிச் சுட்டெடுக்கும் பூச்சு) குறைந்தது 60 மைக்ரான் தடிமன். வெட்டிய முனைகளை அடைக்கச் சொல்லுங்கள். அரிப்பு அங்கிருந்துதான் பூச்சுக்கடியில் புழு மாதிரி ஊரும். எஸ்எஸ் திருகு அலுமினியத்தை நேராகத் தொட்டால், ஈர உப்பில் அலுமினியம்தான் கரையும். இடையில் நைலான் வாஷர் கட்டாயம்.

ஜன்னல் வைக்கும் சுவர்த் திறப்பின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கும் அப்படியே. பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நுரைக் கயிறு திணித்து, மேலே நியூட்ரல் சிலிக்கான் (அமிலம் விடாத அடைப்புப் பசை). பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அது வேறு ரகம். உலோகத்தை அரிக்கும், சுவரிலும் சரியாகப் பிடிக்காது. இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைக்க வந்தால் நிறுத்துங்கள். கீழ்ச் சட்டத்தின் வடிகால் துளைகளைச் சிலிக்கானால் மூடிவைப்பதும் இதே ஆட்கள்தான்.

கடைசியாக, அந்த ‘10 ஆண்டு உத்தரவாதம்’. பொடி எழுத்தைப் படியுங்கள். ஹார்டுவேர் சேராது, கடலோரம் சேராது என்றிருக்கும். கடலோர வீட்டுக்கு விற்ற ஜன்னலுக்குக் கடலோரமே விலக்கு, இதைக் கேட்பாரில்லை! சிலர் நல்ல தண்ணீரில் கழுவிய பதிவையும் கேட்பார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை கழுவி, தேதியைக் குறித்து, ஒரு படமும் எடுத்துவையுங்கள்.