ஹோட்டல் கணினிகள் ஒன்றோடொன்று பேசும்போது தகவல் தவறினால் என்ன ஆகும்?

ரெஸ்டாரன்டில் "ரூமுக்குப் போடுங்க" என்று சொன்ன பில், செக்-அவுட்டில் இரண்டு முறை ஏறியிருந்தது, இதைச் சரிபார்க்க சிஸ்டத்தில் ஒரு ஏற்பாடும் கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பில் இரண்டாக ஏறுவதே பெரும்பாலும் அந்த ஏற்பாட்டை அரைகுறையாகச் செய்து வைப்பதால்தான். ஹோட்டல் இன்டர்ஃபேஸ் சப்போர்ட்டில் வேலை செய்கிறேன். எங்களுக்கு வரும் புகார்களில் இது ரொம்பப் பழகியது.

அறை, கெஸ்ட் பெயர், கணக்கு எல்லாம் இருப்பது பி.எம்.எஸ். என்ற மையக் கணினியில். ரெஸ்டாரன்ட் பில்லிங், டெலிபோன், சாவி அட்டை மிஷின் எல்லாம் பெரும்பாலும் வேறு வேறு கம்பெனிச் சரக்கு. இவை பேசிக்கொள்ளப் பல ஹோட்டல்களில் இன்றும் இருப்பது ஃபியாஸ் என்ற நெறிமுறை, அதாவது செய்தி எந்த வடிவில் போக வேண்டும் என்ற பொது விதிகள். ஃபிடெலியோ என்ற ஹோட்டல் சாஃப்ட்வேர் கம்பெனியின் காலத்தில் வந்தது. ஃபிடெலியோ மைக்ரோஸ் கைக்குப் போனது, மைக்ரோஸை 2014-இல் ஆரக்கிள் வாங்கியது. முதலாளிகள் மாறினார்கள், ஃபியாஸ் பெரிதாக மாறவில்லை.

சீரியல் கேபிளில் ஓடும்போது ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் எல்.ஆர்.சி. என்று ஒரு சரிபார்ப்பு பைட் போகும். அந்த பைட்டின் கணக்கு ஒத்துப்போனால் எதிர்ப்பக்கம் 'ஆக்' (கிடைத்தது) அனுப்பும், இல்லையென்றால் 'நேக்' (சரியில்லை). நேக் வந்தால் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். நெட்வொர்க் கேபிளுக்கு மாறிய பிறகு அந்த வேலையை டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை பார்த்துக்கொள்கிறது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். செய்தி அந்தக் கணினி வரை போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் டிசிபி பொறுப்பு. கெஸ்ட் கணக்கில் ஏறியதா என்பது அதற்குத் தெரியாது. அதை பி.எம்.எஸ். தனியாக ஒரு பதில் செய்தியில் சொன்னால்தான் உண்டு.

அந்தப் பதில் 'முடியாது' என்று வந்தால் தலைவலி இல்லை. கெஸ்ட் இல்லை, இந்த அறைக்குக் கடன் கிடையாது, செக்-அவுட் நடந்துகொண்டிருக்கிறது, நைட் ஆடிட் (அன்றைய கணக்கை இரவில் முடிக்கும் வேலை) ஓடுகிறது என்று காரணத்துக்கு ஒரு குறியீடு உண்டு. நைட் ஆடிட் என்றால் பொறுத்திருந்து அனுப்பலாம். கடன் கிடையாது என்றால் நூறு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். வெயிட்டர் திரையில் காட்டிவிட்டு, ரொக்கமோ கார்டோ வாங்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே 'எரர்' என்று காட்டும் பில்லிங் சாஃப்ட்வேர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

பதிலே வராமல் போவதுதான் நிஜமான சிக்கல். 412-ஆம் அறைக்கு 1,250 ரூபாய் அனுப்பியாயிற்று, சில விநாடிகளில் லிங்க் விழுந்துவிட்டது. பில் ஏறிய பிறகு பதில் மட்டும் தொலைந்ததா, பில்லே போகவில்லையா? அனுப்பிய பக்கத்துக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். திரும்ப அனுப்பினால் இரட்டைப் பில், விட்டால் ஹோட்டலுக்கு நஷ்டம். இதற்காகத்தான் ஒவ்வொரு போஸ்டிங்கிலும் (கணக்கில் ஏற்றச் சொல்லும் செய்தியிலும்) ஒரு வரிசை எண் வைத்திருக்கிறார்கள். திரும்ப அனுப்பும்போது பழைய எண்ணையே போட வேண்டும். பெறும் பக்கம், 'இதை ஏற்கெனவே ஏற்றிவிட்டேன்' என்று கண்டுபிடித்து, புதிதாக ஏற்றாமல் பதிலை மட்டும் தர வேண்டும். மறு முயற்சிக்குப் புது எண் போட்டாலும், எண்ணைப் பெறும் பக்கம் பார்க்காவிட்டாலும் கதை கந்தல். ஆன்லைன் புக்கிங்குக்குப் பயன்படும் ஓப்பன் டிராவல் எக்ஸ்எம்எல் செய்திகளிலும் இதே யோசனைதான்: எக்கோ டோக்கன் என்று ஓர் அடையாளம், 'இது மறுபடி அனுப்பியது' என்று சொல்ல ஒரு தனிக் குறி. உங்கள் விஷயத்தில் இரண்டு வரியிலும் ரெஸ்டாரன்ட் பில் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றென்றால் கேஷியர் அங்கேயே கழித்துவிடுவார், வாக்குவாதமே வேண்டாம்.

எந்தச் சரிபார்ப்பு பைட்டும் பிடிக்காத தவறும் உண்டு. ஃபியாஸில் தொகைக்குப் புள்ளி கிடையாது. 1,250 ரூபாய் என்றால் 125000 என்று போகும். ஒரு பக்கம் தசம அமைப்பைத் தப்பாக வைத்துவிட்டால், செய்தி சுத்தமாகப் போய்ச் சேரும், 'சரி' என்று பதிலும் வரும், கெஸ்ட் கையில் லட்சத்துச் சொச்சத்துக்கு பில்லும் வரும்.

அப்புறம் லிங்க் அறுந்திருந்த நேரத்தில் நடந்தவை. அந்த இடைவெளியில் ஒருவர் செக்-அவுட் செய்து இன்னொருவர் அதே அறைக்கு வந்திருப்பார். டிவி இன்னமும் பழைய ஆள் பெயரைச் சொல்லி வரவேற்கும். விட்டுப்போனதை ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. லிங்க் திரும்பியதும் 'முழுப் பட்டியலையும் கொடு' என்று கேட்டால், இப்போது தங்கியிருக்கும் எல்லோரையும் பி.எம்.எஸ். வரிசையாக அனுப்பும்.

வேக்-அப் காலுக்கு மட்டும் இது போதாது. ஃபோனை எடுத்தார்களா, எடுக்கவில்லையா, லைன் பிஸியா என்று டெலிபோன் சிஸ்டம் திரும்பச் சொல்லும். ஆனால் காலை 4 மணிக் கோரிக்கை லிங்க் விழுந்த நேரத்தில் மாட்டிக்கொண்டால், 6 மணிக்கு ஒத்திசைத்து என்ன பயன், விமானம் போயிருக்கும். லிங்க் விழுந்ததும் ஃப்ரண்ட் ஆபீஸில் அலாரம் அடிக்க வேண்டும், அன்றைய வேக்-அப் பட்டியல் முன்கூட்டியே பிரின்ட் எடுத்து இருக்க வேண்டும், டியூட்டியில் இருப்பவர் கையால் ஃபோன் போட்டு எழுப்ப வேண்டும்.