கடனோடு ஜெபிக்கிறவர்கள் கேட்டவை

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரம்பூர்ப் பக்கம் ஒரு சபையில் மூப்பர், காணிக்கைக் கணக்கும் என் கையில்தான். பணக்கஷ்டத்தையும் விசுவாசத்தையும் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அம்பத்தூரிலிருந்து ஒரு பிரதர்: லேத் பட்டறை வைத்திருந்தேன். 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றது, அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து ஜெபிக்கிறேன். இப்போதெல்லாம் முழங்கால் போட்டாலே கோபம்தான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

போயிருந்தால் யார்மேல் கோபப்படுவீர்கள், பிரதர்? 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டவரே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றுதான் தாவீது தொடங்குகிறார். முதல் இரண்டு வசனங்களுக்குள் அந்த 'எதுவரைக்கும்' நான்கு தடவை வருகிறது. இதை ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

நம் சபைகளில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சாட்சி நேரத்தில் கடன் தீர்ந்தவர்தான் எழுந்து பேசுகிறார். தீராதவருக்கு மைக் கிடையாது. வருஷக்கணக்கில் இதையே கேட்டால், கடன் தீராதவனுக்கு விசுவாசம் பத்தவில்லை போல என்று நமக்கே தோன்றிவிடும். ஆபகூக் 3:17ஐப் படியுங்கள். அத்திமரம், திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று போனதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். அதற்கப்புறம்தான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். ஆடு திரும்பி வந்ததாக அடுத்த வசனத்திலும் இல்லை.

ஜெபம் வரவில்லையென்றால் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், போதும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தெரிந்த பட்டறையில் ஜாப் ஒர்க் இருக்கிறதா என்றும் போய்க் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு சிஸ்டர்: வீட்டு வேலை செய்கிறேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுக்காததால்தான் ஆசீர்வாதம் தடைபடுகிறது என்று எங்கள் பாஸ்டர் மல்கியா 3:10ஐக் காட்டுகிறார். போன மாதம் தினமும் கட்டுகிற தண்டல் கடன் வாங்கிக் காணிக்கை போட்டேன். சரியா?

இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள், சிஸ்டர். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

மல்கியாவைக் காட்டுகிறவர்கள் உபாகமம் 14ஆம் அதிகாரத்தையும் காட்ட வேண்டும். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்கு என்று அங்கே இருக்கிறது. அந்த ஒழுங்குப்படி நீங்கள் வாங்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறவர். பவுலும் 2 கொரிந்தியர் 8:12இல், ஒருவனிடம் இருப்பதை வைத்துத்தான் காணிக்கை ஏற்கப்படும், இல்லாததை வைத்து அல்ல என்கிறார். பத்து ரூபாய் இருந்தால் பத்து போடுங்கள், இல்லையென்றால் வெறும் கையோடு வாருங்கள். காணிக்கைக் கவரை எண்ணுகிறவன் நான். யார் எவ்வளவு போட்டார் என்பது நாலு நாளில் எனக்கே மறந்துவிடும்.

தண்டல் கணக்கையும் பாருங்கள். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் வருஷ வட்டியாகப் போட்டால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. கையில் ஒரு கிராம் நகை மிச்சமிருந்தாலும் அதை வங்கியில் வைத்துத் தண்டலை முதலில் முடியுங்கள்.

ராயபுரத்திலிருந்து: வீட்டுக்காரர் மீன் வியாபாரம். கடன் கொடுத்தவர்கள் ராத்திரி பத்து மணிக்கு வந்து கத்துகிறார்கள். பொறுமையாக இரு, கர்த்தர் யுத்தம் பண்ணுவார் என்கிறார்கள் சபையில்.

பொறுமையாக இருங்கள், கூடவே சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்த கடன் என்றால், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தனி ஆள் கொடுத்த கடன் என்றால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் வருகின்றன. காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் சபையில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம்.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்து விதவை வீட்டுக்கும் கடன்காரன்தான் வந்தான், பிள்ளைகளை அடிமையாக்க. எலிசா தீர்க்கதரிசி அவளிடம் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. எண்ணெய் பெருகிய பிறகும், போய் விற்றுக் கடனைக் கட்டு என்றுதான் சொன்னார். அற்புதம் நடந்த வீட்டிலும் அவள்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டியிருந்தது.

பல்லாவரம்: ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, அதனால்தான் கஷ்டம் தீரவில்லை என்கிறார்கள்.

எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவிடமும் அவருடைய நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள்மேல்தான் கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது.

சாந்தோம்: நாங்கள் கத்தோலிக்கர். கடன் தீர்ந்தால் நடந்தே வருகிறேன் என்று பெசன்ட் நகர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். இது பேரம் பேசுவது போலவா?

நான் வேறு சபைக்காரன், உங்கள் பங்குத்தந்தையைக் கேட்பதுதான் முறை. என் மனதுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: தீராவிட்டாலும் நடங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருநாளுக்கும் போகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதுவும் தீர்ந்திருக்காது.

கொளத்தூரிலிருந்து ஒருவரின் மனைவி: வெளியில் எவ்வளவு கடன் என்று என் கணவர் சொல்வதே இல்லை. கேட்டால், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறார்.

அம்மா, உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வறுமையால் விசுவாசம் இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மறைத்து மறைத்து, அப்புறம் வீட்டாரையும் சபையையும் ஜெபத்தையும் தவிர்த்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பல வீடுகளில் அடகுச் சீட்டு பைபிளுக்குள்தான் இருக்கும். மங்கலான ரோஸ் தாள், நாலாய் மடித்து, பெரும்பாலும் சங்கீதப் பக்கத்தில். அதை வெளியே எடுங்கள். சண்டையில்லாத ஒரு சாயங்காலம் பிள்ளைகளின் பழைய நோட்டில் நாலு கோடு போட்டு, யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எப்போது என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மொத்தத்தைக் கூட்டியதும் திட்டாதீர்கள், அன்றைக்கு மட்டுமாவது. அந்த நோட்டை நடுவில் வைத்து இருவரும் ஜெபியுங்கள். தொகை தெரிந்த ஜெபத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

பெரம்பூர்த் தம்பி ஒருவர்: சபையில் உதவி வாங்கினோம். அதிலிருந்து ஆராதனைக்கு வரக் கூச்சமாக இருக்கிறது.

என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்து என்ற வசனத்தை ஆட்டோவிலெல்லாம் எழுதியிருக்கிறார்களே, பிலிப்பியர் 4:13, அதற்கு அடுத்த வசனத்தையும் வாசி தம்பி. என் உபத்திரவத்தில் பங்கெடுத்தீர்களே என்று பவுல் நன்றி சொல்கிறார். அவரும் வாங்கியவர்தான். ஞாயிற்றுக்கிழமை வா, பின் பெஞ்சிலாவது உட்கார்.

திருவொற்றியூர்: நண்பன் கஷ்டத்தில் இருக்கிறான். ஜெபிக்கிறேன் என்பதைத் தவிர என்ன செய்யலாம்?

குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வெறும் வாயால் சொல்லி அனுப்புகிறவனை யாக்கோபு 2:16 கடிந்துகொள்கிறது. கடனாகக் கொடுக்காதீர்கள், அவன் உங்களைப் பார்த்தால் தெருவை மாற்றிப் போவான். முடிந்ததைச் சும்மா கொடுங்கள். சிலிண்டருக்கு நீங்களே பணம் கட்டிவிட்டு அப்புறம் போன் பண்ணிச் சொல்லுங்கள்.