25 பவர் ஸ்கோப்பை பின்லாந்துக்கு பார்சல் போடலாமா?

முனிச்சுல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். கிளப்புல டார்கெட் ஷூட்டிங் பண்றவர், அமெரிக்காவுல தயாரான 5-25 பவர் (5-லேர்ந்து 25 மடங்கு வரைக்கும் பெரிசாக்கிக் காட்டற) ரைஃபிள் ஸ்கோப் ஒண்ணு கைல இருக்கு, பின்லாந்து ஃப்ரெண்டுக்கு வித்து அனுப்பணுமாம். "பேட்டரி கூட கிடையாது, வெறும் கண்ணாடி. ரெண்டு நாடும் ஐரோப்பிய யூனியன்தானே? கிளப்புல ஒருத்தர் 9 பவர் வரைக்கும் லைசென்ஸ் வேணாம்ங்கறார், அமெரிக்க நண்பர் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டற சைட்) கூட ஏற்றுமதி கன்ட்ரோல்ல இருக்குங்கறார், யார் சொல்றது சரி?"

அமெரிக்க நண்பர் சொல்றது சரிதாங்க, கிளப் நண்பர் சொல்ற 9 பவர் பழைய ஐரோப்பிய லிஸ்ட்ல இருந்தது, ஆளாளுக்கு அவங்கவங்க ஊர் லிஸ்ட்டை வெச்சு பேசறாங்க.

ஐரோப்பிய ராணுவப் பட்டியல், ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த பல நாடுகள் சேர்ந்து போட்ட வாசனார் உடன்பாட்டுல இருந்து வந்தது. அதுல எம்எல்1டி-ங்கற வரில முன்னாடி துப்பாக்கிக்கான ஆப்டிகல் சைட் எல்லாம் உள்ள வந்துரும், அப்புறம் ஒரு குறிப்பு போட்டு கொஞ்சத்தை வெளிய விட்டாங்க: எலக்ட்ரானிக் இமேஜ் ப்ராசஸிங் இருக்கக்கூடாது, 9 மடங்குக்கு மேல போகக்கூடாது, ராணுவத்துக்குன்னே வடிவமைச்சதாவோ மாத்தினதாவோ இருக்கக்கூடாது, ரெட்டிக்கிளும் (ஸ்கோப்புக்குள்ள தெரியற குறிக்கோடுகள்) ராணுவத்துக்குன்னு வரைஞ்சதா இருக்கக்கூடாது. இப்ப அந்த 9 கணக்கு இல்ல, எலக்ட்ரானிக் இமேஜ் ப்ராசஸிங் இருக்கற சைட், ராணுவத்துக்குன்னே வடிவமைச்ச சைட், இந்த ரெண்டுதான் உள்ள வரும். இதுல ஒண்ணு இடிச்சாலும் போச்சு. உங்களுது 25 வரைக்கும் போகுதுங்கறதால மட்டும் இப்ப லிஸ்ட்ல வந்துராது, ராணுவத்துக்குன்னே வடிவமைச்சதாங்கறதுதான் கேள்வி. பேட்டரி இல்லைங்கறது மட்டும் இங்க உதவாது, ஏன்னா அவங்க கேக்கறது இமேஜ் ப்ராசஸிங் பத்தி, பேட்டரி பத்தி இல்ல.

குழப்பமே அந்த ரெட்டிக்கிள்ல தான். கோட்டுல புள்ளி புள்ளியா இருக்கற மில்-டாட் ரெட்டிக்கிள் அமெரிக்க மரைன் ஸ்னைப்பர்களுக்காக வந்தது, இன்னிக்கு வேட்டைக்காரன் ஸ்கோப்ல எல்லாம் சாதாரணமா இருக்கு, இப்ப அது ராணுவ ரெட்டிக்கிளா இல்லையா? வாசனார்ங்கறது சட்டம் இல்ல, ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்துல ஏத்திக்கிட்டு தானே அர்த்தம் பண்ணிக்குது, அதனால ஒரே ஸ்கோப்புக்குக் கூட ரெண்டு ஊர்ல ரெண்டு பதில் வரலாம்.

அமெரிக்கா இந்த 9 கணக்கையே பாக்கறதில்ல. அங்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு லிஸ்ட்ல 0ஏ504-னு ஒரு தலைப்பு, 2020 மார்ச்ல இருந்து இருக்கு, டெலஸ்கோப் சைட், ஹாலோகிராஃபிக், ரெட் டாட் எல்லாம் அதுக்குள்ள. பவர் எவ்ளோன்னு கேக்க மாட்டாங்க, எந்த நாட்டுக்குப் போகுதுன்னுதான் பாப்பாங்க. அதோட அமெரிக்கத் தயாரிப்பு எங்க போனாலும் அந்த விதி கூடவே ஒட்டிக்கிட்டு வரும், ஜெர்மனில இருந்து அனுப்பினாலும் அவங்க கணக்குல அது மறு ஏற்றுமதிதான், அதனால பின்லாந்துக்கு என்ன போட்டிருக்குன்னு அந்த நாட்டு அட்டவணையையும் பாத்துருங்க.

ஐரோப்பிய யூனியன்ங்கற நம்பிக்கைலதான் நிறைய பேர் மாட்டறாங்க. டூயல் யூஸ் பொருள் (ராணுவம், சிவில் ரெண்டுக்கும் உதவறது) பெரும்பாலும் யூனியனுக்குள்ள தாராளமா போகும், ராணுவப் பட்டியல் பொருள் அப்படி இல்ல, 2009-ல வந்த டைரக்டிவ் படி பக்கத்து நாட்டுக்கே அனுமதி வேணும். கஸ்டம்ஸ் கோடும் ஆளை ஏமாத்தும், ஸ்கோப் தனியா போனா ஆயுதங்களுக்கான 93-ம் அத்தியாயத்துல வராது, லென்ஸ் வகையறா இருக்கற 90-ல, 9013.10-ல உக்காந்துக்கும், அதைப் பாத்துட்டு கேமரா சாமான் மாதிரின்னு நினைச்சுராதீங்க.

ஜெர்மனில ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பாத்துக்கற, எஷ்போர்ன்ல இருக்கற பாஃபா ஆபீஸ்ல, இந்தப் பொருள் லிஸ்ட்ல வருதா இல்லையான்னு எழுத்துல கேட்டு வாங்க வழி இருக்கு. மாடல் பேர், அதிகபட்ச பவர், ரெட்டிக்கிள் படம், முடிஞ்சா கம்பெனி தர்ற வகைப்பாட்டு லெட்டர், எல்லாத்தையும் வெச்சு கேளுங்க, கிளப் நண்பர் வாய் வார்த்தையா சொன்னது நாளைக்கு கைகொடுக்காது. பதில் வர்ற வரைக்கும் ஸ்கோப் அலமாரிலயே இருக்கட்டும், முக்கியமா கூரியர் ஃபார்ம்ல வெறும் 'டெலஸ்கோப்'னு எழுதி அனுப்பிராதீங்க.